கண்ணில் பட்ட பிழை

ஜனவரி 9

அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கும், நான் கோபமாக இருக்கிறேன் என்று. அச்சகத்தின் புரூஃப் அறையில் ஒன்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து, கத்திரி, கத்திரி என்றே கூப்பிட்டுப் பழகி, நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகும் ஒரு நாள்கூட அண்ணி என்று வாயில் வராத நான், இன்று அப்படி எழுதுகிறேன் என்றால், விஷயம் பெரிது.

செவ்வாய்க்கிழமை பதிப்பகத்துக்குப் போனேன். லிஃப்ட் பராமரிப்புக் கையேடு ஒன்று, இருநூறு பக்கம், படித்து முடித்ததைக் கொடுக்க. அச்சகம் நம் பிரிவை மூடியதிலிருந்து உங்களுக்கும் எனக்கும் இதுதானே பிழைப்பு, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிவந்து, வீட்டு மேசையில் வைத்து, பிழை பார்ப்பது. மேனேஜர் மேசையில் கனமாக ஒரு கட்டு இருந்தது. மேல் தாளில் நீல மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. டாக்டரம்மாவின் கையெழுத்து! மூன்று வருடமாக எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த நாவல்.

"வந்துடுச்சா!" என்று கையை நீட்டிவிட்டேன்.

"அது உங்களுக்கு இல்லம்மா."

"பின்ன யாருக்கு?"

"உங்க அண்ணிக்குத்தான் கூரியர் போகுது. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியும், தெரியும், மறந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

அவருடைய நான்கு நாவல்களும் நான் பார்த்தவை. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, முதல் நாவலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி வந்து நின்றாரே, அன்றிலிருந்து. நான்கு புத்தகத்தின் நன்றிப் பக்கத்திலும் "என் கால்புள்ளிக்கு" என்று அச்சாகியிருக்கிறது. எங்கே பார்த்தாலும் கால்புள்ளி போடுகிறேன் என்று நீங்கள் எல்லாரும் கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் அச்சில் பார்த்தபோது இனித்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்களாகக் கேட்டு வாங்கினீர்களா, அவராகக் கொடுத்தாரா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ சிரித்துப் பேசுவாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். (நீ என்று எழுதிவிட்டேன். அடித்து எழுதப் பொறுமை இல்லை, இருக்கட்டும்.)

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 17

கால்புள்ளி,

அண்ணியாம். அவர்களாம். கவரைப் பார்த்துட்டு உன் அண்ணன் "என்ன, வக்கீல் நோட்டீஸா?"ன்னு கேட்டாரு.

நான் கேக்கல. அவங்களாத்தான் கூப்பிட்டாங்க. நவம்பர்ல. பாப்பாவுக்கு அன்னிக்கு காய்ச்சல். ஒரு கையில தெர்மாமீட்டர், ஒரு கையில போன். "நாவல் முடிச்சுட்டேன், நீதான் பார்க்கணும்"னாங்க. தப்பா நம்பர் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன். "டாக்டரம்மா, நான் கத்திரி பேசறேன்"னேன். "தெரியும், அதனாலதான் கூப்பிடறேன்"னாங்க.

ஏன் உன்கிட்ட கொடுக்கலன்னு கேட்டேன். பதில் சொன்னாங்க. அதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. எழுதினா உனக்கு இன்னும் எரியும்னு தெரியும். பொய் சொல்றதைவிட இது பரவாயில்ல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ எதுவும் தப்பு பண்ணல.

வேண்டாம்னு சொல்லியிருக்கணுமா நான்? சொல்லல. உண்மையைச் சொல்லட்டுமா? சந்தோஷமா இருந்துச்சு. அந்த முதல் நாவலை நானும்தான் படிச்சேன். நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை. கடைசி அத்தியாயத்தை வெட்டுங்கன்னு சொன்னது நான். வெட்டினாங்க. புத்தகம் வந்தப்போ நன்றிப் பக்கத்துல நீ மட்டும் இருந்தே. அன்னிக்கு நான் எதுவும் சொல்லல. சொன்னேனா?

பன்னெண்டு வருஷம் உன் பேர். ஒரு தடவை என் பேர். உனக்கு அவ்வளவு வலிக்குதா?

எங்க வீட்ல ஒரே ஒரு மேசைதான். சாப்பாடு, பாப்பாவோட ஹோம்வொர்க், என் வேலை எல்லாம் அதுலதான். அவங்க பக்கங்கள் மேல குழம்பு சிந்தாம பார்த்துக்கறேன். அதை மட்டும் நம்பு.

கத்திரி


பிப்ரவரி 20

கத்திரிக்கு,

"நீ எதுவும் தப்பு பண்ணல" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை ஒரு மாதமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தப்பு செய்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், திருத்திக்கொள்ளலாம். தப்பே செய்யாமல் ஒதுக்கப்பட்டவள் எதைத் திருத்துவது?

உனக்கும் அவருக்கும் இடையில் எனக்குத் தெரியாத ஒரு பேச்சு இருக்கிறது. பல் தேய்க்கும்போது அதுதான் நினைப்பு. ஒற்று மிகுமா, மிகாதா என்று ஒரு வரியில் நிற்கும்போதும் அதுதான் நினைப்பு. என்ன சொல்லியிருப்பார்? கால்புள்ளி கிழவியாகிவிட்டாள், பழைய மாதிரி இல்லை என்றா? கத்திரி என்றால் கூர்மை, கால்புள்ளி என்றால் நின்று நின்று போகும் என்றா?

இருக்கட்டும். உனக்கு ஒரு செய்தி. அந்த நாவலின் கடைசிப் புரூஃப் எனக்கு வந்தது. மேனேஜருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, "அவசரம், அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும், எழுத்துப்பிழை மட்டும் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பலாம் என்று கவரை எடுத்தேன். பிறகு பிரித்துவிட்டேன்.

படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இது டாக்டரம்மாவின் புத்தகம் இல்லை. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூன்று இடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் முடிப்பார். இதில் எல்லாம் ஓட்டமாக ஓடுகிறது. பக்கம் பக்கமாக வெட்டியிருக்கிறாய் என்று தெரிகிறது. தையல்கடை வைத்திருக்கிற அக்கா தங்கை கதை, அக்கா செத்துப்போகிறாள், தங்கை தனியாகக் கடையைத் திறக்கிறாள். இதை அவர் அறுநூறு பக்கம் எழுதியிருந்தார், நான் பார்த்தேனே அந்தக் கட்டை. முந்நூறு பக்கம்தான் என் கைக்கு வந்தது. மீதி எங்கே? அவர் சம்மதித்தாரா, உன் இஷ்டத்துக்கு விளையாடினாயா?

உள்பக்கத்தில் "செம்மையாக்கம்" என்று போட்டு உன் பெயர் இருந்தது, கொட்டை எழுத்தில். அதையும் எழுத்தெழுத்தாகப் படித்தேன். பிழை இல்லை.

மொத்தம் நாற்பத்தொரு திருத்தம். வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். ல, ள குழப்பம், விட்டுப்போன ஒற்று, இரண்டு இடத்தில் பத்தி உடைந்திருந்தது. வேலை என்று வந்தால் வேலைதான்.

கால்புள்ளி


பிப்ரவரி 27

கால்புள்ளி,

நீ பார்த்தியா! உன் லெட்டர்ல எனக்குப் பிடிச்ச வரி அதுதான். மீதியெல்லாம் நல்லா திட்டியிருக்கே. திட்டிக்கோ.

கட்டு வந்ததுலேர்ந்து சரியாத் தூக்கமில்ல. அந்தப் புத்தகத்துல எங்கேயோ ஏதோ விட்டுட்டேன்னு ஒரு பயம். என்னன்னு தெரியல. திரும்பத் திரும்பப் படிச்சு எனக்கே கண்ணு பழகிப்போச்சு. எழுத்தே தெரியல, கோடு கோடா தெரியுது. உனக்குத் தெரியுமே அந்த நிலைமை.

நீ ஸ்கேல் வச்சுப் படிச்சேன்னு எழுதியிருந்தே. படிச்சதும் உன் அண்ணன்கிட்ட சொன்னேன், "அவ பார்த்துட்டா, இனிமே நான் தூங்கலாம்"னு. அன்னிக்கு மத்தியானமே தூங்கிட்டேன். பாப்பா ஸ்கூல் விட்டு வந்து பெல் அடிச்சு, அடிச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எழுப்பினாங்க.

ஏன் வெட்டினேன்னு கேட்டே. ஒரு நாள் சொல்றேன்.

வெளியீட்டுக்கு வா. அடுத்த மாசம் இருபத்தெட்டு. லைப்ரரி மாடி ஹால். நான் வரேன், பாப்பாவை உன் அண்ணன் பார்த்துப்பாரு. பக்கத்துல உட்காரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாவது உட்காரு.

கத்திரி


ஏப்ரல் 6

கால்புள்ளி,

நீ வரல. காய்ச்சல்னு மெசேஜ் பார்த்தேன். வராததே நல்லது.

அங்க நடந்ததை வேற யாராவது சொல்லி நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே எழுதறேன்.

ஹால் நிறைஞ்சிருந்துச்சு. டாக்டரம்மா முதல் வரிசையில, நான் பக்கத்துல. அவங்க பேசறதுக்காக மைக்கை முன்னாடியே கையில கொடுத்துட்டாங்க. மடியில வச்சிருந்தாங்க. ஒரு பேராசிரியர் பேச வந்தாரு. நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. அப்புறம் புத்தகத்தைத் திறந்தாரு.

"பதினோராம் அத்தியாயத்துல அக்கா ஆஸ்பத்திரியில இறந்துடறாங்க. நானும் அழுதேன். பதினேழாம் அத்தியாயம், நூத்தி எண்பத்தேழாம் பக்கம். தங்கை கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறா. 'அக்கா கதவைத் திறந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.' இது குடும்ப நாவலா, பேய்க் கதையாங்கிறதை ஆசிரியர்தான் சொல்லணும்."

ஹாலே சிரிச்சுது. கால்புள்ளி, நானும் ஒரு செகண்ட் சிரிச்சிருப்பேன். அவ்வளவு நல்லா சொன்னாரு.

அப்போ டாக்டரம்மா என் பக்கம் சாஞ்சாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. மைக் மடியில ஆன்ல இருந்துச்சு.

"அக்கா எப்ப செத்தா?"

எல்லாருக்கும் கேட்டுச்சு. சிரிப்பு அப்படியே நின்னுச்சு. முந்நூறு பேர் அவங்க முதுகைப் பார்த்தாங்க. அவங்க என்னையே பார்த்தாங்க, நான் பதில் சொல்வேன்னு.

நான் எழுந்து, "தப்பு என்னோடது, நான்தான் எடிட் பண்ணினேன்"ன்னு கத்தினேன். யாரும் அதைக் கேக்கற நிலைமையில இல்ல.

இனிமே மறைக்க என்ன இருக்கு? நவம்பர்ல அவங்க சொன்னது இதுதான். "எனக்கு மறதி வருது. நானே டாக்டர், வேற யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒரே அத்தியாயத்தை மூணு தடவை எழுதியிருக்கேன், நடுவுல பேர் மாறுது, செத்தவங்க நடமாடறாங்க. இதைக் கால்புள்ளி பார்க்கக் கூடாது. என் வாக்கியத்தை அவ பன்னெண்டு வருஷமா மெச்சிட்டு வரா. அவ கண்ணு முன்னாடி நான் கரையறதை என்னால தாங்க முடியாது. நீ அவ்வளவா என்னைக் கொண்டாடினதில்ல. நீ வெட்டு."

அதனாலதான் முந்நூறு பக்கம் போச்சு. ஒரே விஷயம் மூணு தடவை. செத்தவங்க எழுந்து வர்ற இடம் மட்டும் இருபத்திரண்டு. எல்லாத்தையும் சரி பண்ணினேன். இருபத்து மூணாவதை விட்டுட்டேன்.

மேனேஜர் எனக்கு வர வேண்டிய ரெண்டு புத்தகத்தையும் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாரு. அது போகட்டும்.

எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் விட்டேன், சரி, கண்ணு பழகிடுச்சு. உன் கண்ணுக்கு எப்படித் தப்புச்சு? ஸ்கேல் வச்சுப் படிக்கிற உனக்கு?

கத்திரி


ஏப்ரல் 13

கத்திரிக்கு,

தப்பவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, எழுந்து போய், துணி காயப்போட்டு, திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி, வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். மாடி வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நூற்றெண்பத்தேழாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. ஸ்கேல் தானாக நின்றது. அக்காதான் செத்துவிட்டாளே என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் புரட்டி, பதினோராம் அத்தியாயத்தை எடுத்துச் சரிபார்த்தேன். ஆமாம், செத்துவிட்டாள். ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.

அப்போது எனக்கு வந்தது என்ன தெரியுமா? மகிழ்ச்சி. கத்திரி விட்டுவிட்டாள். என்னை விட்டுவிட்டு உன்னைத் தேடிப்போனாரே, உன் லட்சணம் இதுதான். போனை எடுத்து உனக்குச் சொன்னால் நீ நன்றி சொல்வாய், திருத்துவாய், புத்தகம் சுத்தமாக வரும், உள்பக்கத்தில் உன் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னார்கள், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன், அந்த வரியில் எழுத்துப்பிழை இல்லை. இப்படி எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன்.

கேள்விக்குறியை அழித்தேன். கை தவறி எதுவும் நடக்கவில்லை, ரப்பரைத் தேடி எடுத்து அழித்தேன். தேய்த்த தேய்ப்பில் அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது. அதன் பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கி, மற்ற நாற்பத்தொரு பிழையையும் பிடித்தேன், என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எந்தப் புரூஃபையும் படித்ததில்லை.

வெளியீட்டு நாளில் எனக்குக் காய்ச்சல் இல்லை. யாராவது கவனித்து உன்னிடம் கேட்பார்கள், நீ முழிப்பாய், அதை நேரில் பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று வீட்டில் இருந்தேன். அவர் பக்கம் யோசிக்கவே இல்லை. அந்த வரி உன்னுடையது என்றே நினைத்தேன். உன்னை இடறிவிட நீட்டிய கால், அவரைத் தடுக்கிவிட்டது.

மன்னிப்பு என்று எழுதினால் நீ அந்த வார்த்தையை வெட்டுவாய். எழுதவில்லை.

கால்புள்ளி


ஏப்ரல் 19

படிச்சேன். அவர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். "அவ என் தங்கச்சியே இல்ல"ன்னு சொன்னாரு. நான் மறுத்துப் பேசல.

"அவ பார்த்துட்டா"ன்னு நிம்மதியா தூங்கினேன் பாரு, அதை நினைச்சா அசிங்கமா இருக்கு.

இதை டாக்டரம்மாகிட்ட சொன்னியா? சொல்லியிருக்க மாட்டே. எனக்கு எழுதறது உனக்குச் சுலபம்.

பதில் எழுதாதே.


ஜூலை 2

கத்திரிக்கு,

எழுதாதே என்றாய். இரண்டரை மாதம் எழுதவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் இந்தக் கடிதம். பிரிக்காமல் கிழித்தாலும் சரி.

முதலில் மேனேஜரிடம் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதையெல்லாம் எதுக்கும்மா இப்ப சொல்றீங்க? யாரும் உங்களைக் கேக்கலயே" என்றார். எழுதியும் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டு. அவர் அதை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, "இனிமே உங்களுக்கு எப்படி நான் புரூஃப் அனுப்புவேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நேராக அனுப்புகிற கையேடுகளைத்தான் பார்க்கிறேன். லிஃப்டில் யாரும் செத்துப் பிழைப்பதில்லை.

அதன் பிறகு டாக்டரம்மா வீடு. மூன்றாவது மாடி. அவரே கதவைத் திறந்தார். வீடு முழுக்கச் சின்னச் சின்னத் தாள் ஒட்டியிருக்கிறார், அதே நீல மை. அடுப்பு மேலே "அணைத்தாயா?", அலமாரியில் "மாத்திரை, காலை ஒன்று", ஜன்னலில் "கீழ் வீட்டுப் பெண்ணிடம் கோபப்படாதே". நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டார். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது தெரிந்தது. "வெளியே போ" என்றார். போனேன். படியில் இறங்கும்போது, சீ, இவ்வளவுதானே, சொல்லியாயிற்று, திட்டு வாங்கியாயிற்று என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதையும் ஒளிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "கால்புள்ளி! எங்க போயிட்ட இத்தனை நாளா? ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனேன். சிரித்துக்கொண்டே திறந்தார். டீ போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, என் பழைய திருத்தங்களைச் சொல்லிக் கேலி செய்தார். அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. அந்த நாற்காலியில் அரை மணி நேரம், மன்னிக்கப்பட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்படியே விட்டுவிட்டால் என்ன, கத்திரிக்கும் எழுதியாயிற்று, இவரிடமும் ஒரு தடவை சொல்லியாயிற்று, இந்த டீயைக் குடித்துவிட்டுப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆசையாக இருந்தது, கத்திரி. அந்தப் புரூஃபைப் படித்தபோது ரப்பரைத் தேடினேனே, அதே ஆசை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடி அதே முகம். அவருக்கு அது முதல் தடவை. "நீயா? நீயா அப்படிப் பண்ணின? ஏன்?" என்றார். "பொறாமை" என்றேன். இந்த முறை வெளியே போகச் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் தடவை, மே கடைசியில். மறுபடி சிரிப்பு, மறுபடி "எங்க போயிட்ட?" இந்த முறை டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் கையை உயர்த்தினார்.

"இரு. இதை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கியா?"

"ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், டாக்டரம்மா."

"அப்ப எழுதி வச்சுக்கறேன். இல்லன்னா நீ தப்பிச்சுடுவே."

தலைமாட்டு நோட்டை எடுத்துவந்து எழுதினார். 'கால்புள்ளி பிழையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு விட்டாள். காரணம் பொராமை.' இடையின ரகரம் போட்டிருந்தார். நான்கு நாவலில் அவர் ர, ற மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, தப்பா?"

"ஆமா."

பேனாவை நீட்டினார். வாங்கி, அடித்து, வல்லின றகரம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். நோட்டை மூடிவிட்டு, "உட்காரு" என்றார்.

அதிலிருந்து வாரம் ஒரு தடவை போகிறேன். என்னைக் கதவில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் நோட்டைப் பார்த்துவிட்டு வருவார். சில நாள் உள்ளே விடுகிறார். சில நாள் விடுவதில்லை.

இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, அந்த வரியைத் திருத்தி. மேனேஜர் உனக்கு எழுதுவார், நான் கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார். என் மேல் இருக்கிற கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

கால்புள்ளி


ஜூலை 10

கால்புள்ளி,

மேனேஜர் எழுதினாரு. ஒத்துக்கிட்டேன்.

உன்னை மன்னிக்கல. அது வேற. உன் அண்ணன் இன்னும் உன் பேரை எடுக்கறதில்ல. ஆனா நேத்து உன் கவரை அவருதான் போஸ்ட் பாக்ஸ்லேர்ந்து எடுத்துட்டு வந்து என் தட்டுப் பக்கத்துல வச்சாரு.

உன் லெட்டரைப் படிச்சதுலேர்ந்து ஒண்ணு உறுத்துது. சொல்லிடறேன்.

நவம்பர்ல டாக்டரம்மா ரகசியம் சொன்னாங்கல்ல, சத்தியம் வாங்கினாங்கல்ல. நியாயமா நான் என்ன பண்ணியிருக்கணும்? உன்கிட்ட சொல்லியிருக்கணும். நீ உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டே, அவங்ககிட்டயும் காட்டிக்க மாட்டே. எனக்குத் தெரியும். ரெண்டு பேருமா உட்கார்ந்திருந்தா அந்த இருபத்து மூணாவதும் மாட்டியிருக்கும். சத்தியத்துக்காகத்தான் சொல்லலன்னு இத்தனை நாள் எனக்கே சொல்லிட்டிருந்தேன். இல்ல. அவங்களைப் பத்தி உனக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும். பன்னெண்டு வருஷத்துல முதல் தடவை. அது எனக்கு இனிச்சுது. அதனாலதான் "சொல்லக் கூடாது"ன்னு வேணும்னே அந்த வரியை எழுதினேன். உனக்கு எரியட்டும்னுதான். எரிஞ்சுது.

நீ பண்ணினது பெருசு. நான் பண்ணினது சின்னது. ஆனா ரெண்டும் ஒரே சாதி.

வர்ற வியாழக்கிழமை மத்தியான ரயில்ல வரேன். தனியாத்தான். பாப்பாவுக்கு ஸ்கூல். நேரா டாக்டரம்மா வீட்டுக்குப் போவோம். எனக்கும் அவங்ககிட்ட சொல்ல வேண்டியது இருக்கு. அந்த நோட்ல எனக்கும் ஒரு வரி எழுதட்டும்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு வா. வந்து பேசிட்டே இருக்காதே. அழவும் கூடாது.

இன்னொண்ணு. உன் லெட்டர்ல மூணு தடவை போயிருக்கே. அவங்க உன்னைப் பார்த்துச் சிரிச்சது, டீ போட்டது, உன்னைக் கேலி பண்ணினது, எல்லாம் எழுதியிருக்கே. நாலு தடவை தேடிப் பார்த்துட்டேன். என்னைப் பத்தி ஒரு வரி இல்ல. பொறாமைன்னு நீ சொன்னதும், யார் மேலன்னு அவங்க கேக்கவே இல்லையா? என்னை ஞாபகம் இருக்கா அவங்களுக்கு? என் பேரைச் சொன்னாங்களா, சொல்லியும் நீ எழுதாம விட்டுட்டியா?

உண்மையைச் சொல்லு.

கத்திரி